ஜனாதிபதியின் ஒரு நாளும் என் தம்பியின் ஒரு நாளும்

நேற்று மகளின் சான்றிதழ் ஒன்றைப் பிரதி எடுக்க தோர்ண்டன் ஹீத் நூலகத்துக்குப் போயிருந்தேன். இயந்திரம் துப்பிய தாளை எடுத்தபோது இளஞ்சூட்டோடு மையின் கருகல் வாசனை வந்தது. பிரதி எடுக்க வந்தவள் அதை மறந்து அப்படியே நின்றுவிட்டேன். உம்முடைய அறையில், அமெரிக்காவிலிருந்து வந்த மட்டைப்பெட்டியை நாங்கள் வெட்டித் திறந்த அன்று எழுந்த வாசனை அது. பின்னால் நின்ற கிழவர் இருமிய பிறகுதான் விலகி வழிவிட்டேன். வீட்டுக்கு வந்ததும் உமக்கு எழுத வேண்டும் போல இருந்தது. நீர் போய் இன்னும் ஒரு வருஷம்கூட ஆகவில்லை.

நாங்கள் முதலில் பேசிக்கொண்டது ஆஸ்பத்திரி வார்டில். எண்பதுகளின் நடுப்பகுதி. நான் யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாக இங்கே வந்து, இரண்டு பிள்ளைகளையும் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு, அந்த வார்டைத் துப்புரவு செய்யும் வேலையில் சேர்ந்திருந்தேன். நீர் அங்கே ஸ்டாஃப் நர்ஸ். ஈப்போவிலிருந்து படிக்க வந்து இங்கேயே தங்கிவிட்டவர். தமிழ் முகத்தைக் கண்ட சந்தோஷத்தில், "நீர் எந்த ஊர்?" என்று கேட்டேன். மருந்துத் தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தீர். நாடகத்தில் ராஜா மந்திரியிடம் பேசுவது போல இருக்கிறது என்றீர். எங்கள் பக்கத்தில் ஒத்த வயதுக்காரரை மரியாதையோடும் உரிமையோடும் அப்படித்தான் கூப்பிடுவோம் என்று விளக்கினேன். அதற்குப் பிறகு நான் மறந்துபோய் 'நீங்கள்' என்றாலும் விடமாட்டீர். "ராஜா பாஷையிலயே பேசுங்க" என்பீர். நீர் மட்டும் கடைசிவரை என்னை 'நீங்க' என்றுதான் சொன்னீர்.

சீனி வியாதி உம்முடைய கண்ணைத் தொட்டது அதற்கு இரண்டொரு வருஷம் கழித்து. ஊசிக் குழாயின் கோடுகள் தெரியவில்லை என்று நீராகவே மேலதிகாரியிடம் போய்ச் சொல்லி வேலையை விட்டீர். நான் அழுதேன். நீர் அழவில்லை. பார்வை குறைந்தவர்களுக்கான வகுப்பில் சேர்ந்து, எழுத்தைப் பார்க்காமலே தட்டச்சு செய்யப் பழகினீர். பிறகு ஒரு கல்லூரியில் பகுதிநேரமாகச் சரித்திரம் படிக்கப் போனீர். நாற்பது வயதில், கண் போகும் நேரத்தில் எதற்குப் படிப்பு என்று கேட்டேன். கண் முழுக்கப் போவதற்குள் படித்துவிட வேண்டும் என்று நினைப்பதாகச் சொன்னீர்.

கடைசி வருஷ ஆய்வுக்கு நீர் எடுத்த விஷயம் உம்முடைய ஆசிரியருக்கே விளங்கவில்லை. ஓர் அமெரிக்க ஜனாதிபதியின் ஆட்சிக் காலத்தில் ஒரே ஒரு நாள். அந்த நாளைப் பற்றி அரசாங்கம் வைத்திருக்கும் பதிவுகள் எல்லாம். யுத்தம் தொடங்கிய நாள், யாரையாவது சுட்ட நாள் என்று எடுக்கலாமே என்று அவர் சொல்லிப் பார்த்தார். நீர் வேண்டுமென்றே ஒன்றும் நடக்காத நாளைத்தான் தேடி எடுத்தீர். என்னிடம் காரணம் சொன்னீர்: "கட்டில் காலடியில சார்ட் தொங்குமில்ல, அதுல காய்ச்சல் இல்லாத நாளையும் எழுதுறோம். அதையும் படிச்சாத்தான் ஆளைத் தெரியும்."

அந்த நாட்டு அரசாங்கக் காப்பகத்துக்கு எழுதிப் போட்டு, பல மாதம் காத்திருந்து, பெட்டி வந்தபோது உம்மால் தலைப்பைத் தவிர எதையும் வாசிக்க முடியவில்லை. ஒரு தாளை விளக்கின் கீழே பிடித்து, கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோய், பிறகு மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தீர். வாசித்துக் காட்டவா என்று நான் கேட்டது இரக்கத்தில்தான். என்னுடைய இங்கிலீஷைப் பற்றி நான் அந்த நேரம் யோசிக்கவில்லை.

எனக்கு இங்கிலீஷ் எழுத்து தெரியும், வாய்தான் வராது. கடையில்கூட விரலால் காட்டி வாங்குகிற ஆள் நான். வாரத்தில் மூன்று பின்னேரம், வேலை முடிந்து, பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு உம்முடைய அறைக்கு வருவேன். அவர்கள் நிலத்தில் இருந்து படம் கீறுவார்கள். நான் அமெரிக்க ஜனாதிபதியின் நாளை உரக்க வாசிப்பேன். 'கேர்னல்' என்று சொல்ல வேண்டியதை எழுத்துக் கூட்டி 'கொலொனல்' என்று வாசித்தேன். நீர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துவிட்டுத் திருத்தினீர். வேறு யாரும் அப்படிச் சிரித்திருந்தால் நான் அடுத்த நாள் வந்திருக்க மாட்டேன்.

அந்தப் பெட்டிக்குள் என்னவெல்லாம் இருந்தது. அவர் எழும்பிய நேரம். யாரோடு காலைச் சாப்பாடு. ரெலிபோன் இணைத்துக் கொடுத்தவர்கள் எழுதிவைத்த துண்டுகள், எடுத்தும் பதில் கிடைக்காத அழைப்புகள் உட்பட. கோதுமை விவசாயிகள் சிலர் வந்து படம் எடுத்துக்கொண்டார்கள். ஒரு பாலத்துக்கான சட்டத்தில் கையெழுத்து வைத்தார். தமக்கையின் பிறந்தநாளுக்கு வாழ்த்துச் சொன்னார். அன்று அவருக்குத் தொண்டை நோவு. டாக்டர் வந்து பார்த்தார், எலுமிச்சையும் தேனும் விட்டுத் தேநீர் கொடுத்தார்கள். ஒவ்வொரு தாளின் அடியிலும் எழுதியவரின் முதலெழுத்துகள். நீர் அந்த முதலெழுத்துக்காரரைத்தான் ஜனாதிபதியைவிட அதிகம் விரும்பினீர். "பொறுமையான ஆளு, நல்ல நர்ஸா வந்திருப்பாரு" என்பீர்.

அந்தத் தேநீர்த் தாளை வைத்துத்தான் எங்களுக்குள் சண்டை வந்தது.

என் தம்பி குகனைப் பற்றி உமக்கு அதுவரை நான் சொன்னது ஒரு வரிதான்: ஊரைவிட்டு வெளிக்கிட்ட அன்று காணாமல் போனான். அன்று காலை கொழும்பிலிருந்து அம்மா ரெலிபோன் எடுத்திருந்தா. இன்னும் ஒரு இடத்தில் போய் விசாரித்தாவாம். அப்படி ஒரு பெயர் எங்கள் பதிவில் இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்களாம். அந்த வார்த்தையை நாள் முழுக்கச் சுமந்துகொண்டு வார்டுகளைக் கூட்டினேன். பின்னேரம் உம்மிடம் வந்தேன். எலுமிச்சைத் தேநீர் வரியை மறுபடி வாசிக்கச் சொன்னீர். வாசிக்கத் தொடங்கியவள் தாளை மேசையில் வைத்தேன்.

"இந்த மனிசன் குடிச்ச தேத்தண்ணிக்கும் பதிவு இருக்கு. என்ர தம்பிக்கு இல்லை. இனி என்னால வாசிக்கேலாது."

பிள்ளைகளுக்குக் கோட்டுகளை மாட்டிக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன். அத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

மறுநாள் சனிக்கிழமை. என் கணவருக்குப் பெற்றோல் ஷெட்டில் பகல் ஷிப்ட். மத்தியானம் போலக் கதவு தட்டிக் கேட்டது. திறந்தால் மழையில் நீர். ஒரு கையில் வெள்ளைத் தடி. அதை வெளியே எடுத்துவர வெட்கம் என்று அதுவரை அலுமாரிக்குள் வைத்திருந்தவர் நீர். மற்றக் கையில் கடைச்சாமான் இழுக்கும் சில்லு வண்டி. அதற்குள் பிளாஸ்டிக் பையால் மூடிய தட்டச்சு இயந்திரம். இரண்டு தெருவும் ஒரு பெரிய ரோட்டும் தனியாகக் கடந்து வந்திருக்கிறீர்.

மன்னிப்பு, ஆறுதல் ஒன்றும் நீர் பேசவில்லை. குசினி மேசையில் இயந்திரத்தை வைத்து, தாளைச் செருகி, விரல்களைத் துடைத்துக்கொண்டு கேட்டீர்.

"அன்னைக்கு என்ன நடந்துச்சு? காலையிலருந்து சொல்லுங்க."

எனக்கு நேரம் ஒன்றும் ஞாபகமில்லை என்றேன்.

"நேரம் தெரியாட்டி பரவால்ல. வெயில் எங்க இருந்துச்சுன்னு சொல்லுங்க."

வெயில் கிணற்றடியில் இருந்தது. அதைச் சொன்னதும் மற்றதெல்லாம் பின்னால் வரத் தொடங்கியது. நீர் நோயாளியிடம் கேட்பது போலவே கேட்டீர். என்ன சாப்பிட்டார்? இடியப்பமும் சொதியும். நின்றுகொண்டே சாப்பிட்டான், இருந்து சாப்பிடு என்று அம்மா ஏசினா. என்ன உடுத்தியிருந்தார்? நீலக் கட்டம் போட்ட சேட்டு, அண்ணையினுடையது, தோள் தொங்கும். யாரோடு பேசினார்? பக்கத்து வீட்டுக்காரரோடு, சைக்கிள் பம்ப் இரவல் கேட்டு. ஷெல் சத்தம் கிட்ட வந்ததும் கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு படகுத்துறையை நோக்கி நடந்தோம். பாதி வழியில் அப்பாவின் மூக்குக்கண்ணாடி வீட்டில் விட்டுப்போனது தெரிந்தது. அது இல்லாமல் போகலாம் என்று அப்பா சொன்னார். அவன் கேட்கவில்லை. "ஓடிப் போய் ஓடி வாறன்" என்று சைக்கிளைத் திருப்பினான்.

நான் தமிழில் சொல்லச் சொல்ல நீர் இங்கிலீஷில் தட்டினீர். ஜனாதிபதியின் பதிவில் இருந்த அதே அமைப்பு. இடப்பக்கம் நேரம், வலப்பக்கம் நடந்தது. நேரம் இருக்க வேண்டிய இடத்தில் 'வெயில் கிணற்றடியில்', 'வெயில் வேலி தாண்டி' என்று இருந்தது.

திருப்பத்தில் கையைத் தூக்கிக் காட்டினான், பிறகு வரவில்லை என்று முடித்தேன். நீர் தட்டுவதை நிறுத்தினீர். கை தூக்கியது வரைக்கும்தான் எழுதியிருப்பதாகச் சொன்னீர். வரவில்லை என்பதையும் எழுதும் என்றேன். உம்முடைய குரல் அப்போது மிகவும் மெதுவாக இருந்தது.

"அன்னைக்கு அவரை நீங்க பாத்தது அவ்வளவுதான். அவர் நாள்ல அதுக்கு மேல எழுத நமக்கு உரிமை இல்ல."

அப்போதுதான் அழுதேன். ஆனால் அது பழைய அழுகை இல்லை. அதுவரை எனக்கு அந்த நாள் என்றால் கடைசி மட்டும்தான். படகுத்துறையில் பார்த்துக்கொண்டு நின்றது மட்டும்தான். அந்த நாளுக்கும் ஒரு காலை இருந்தது, அதில் குகன் சொதியை வழித்துச் சாப்பிட்டான் என்பதை நான் தொலைத்திருந்தேன். நீர் அதைத் தேடி எடுத்துக் கையில் தந்தீர்.

அடுத்த கிழமையே மறுபடி வாசிக்க வந்தேன். தொண்டை நோவுக்காரர் மேல் எனக்குக் கோபம் போய்விட்டது. தமக்கைக்கு ரெலிபோன் எடுத்த வரியை வாசித்தபோது, பரவாயில்லை, நல்ல தம்பி என்று நினைத்தேன்.

ஆய்வின் கடைசியில் குகனின் தாள்களையும் சேர்க்கலாமா என்று என்னிடம் கேட்டீர். ஓம் என்றேன். உம்முடைய ஆசிரியர் விரும்பவில்லை. விஷயத்துக்கு வெளியே போகிறது, மார்க் குறையும் என்று எச்சரித்தார். நீர் அந்தத் தாள்களை நீக்கவில்லை. கல்லூரியில் விளக்கம் சொல்லும் நாளில் உம்மால் தாளைப் பார்க்க முடியாது என்பதால் வாசிக்க என்னைக் கூட்டிப்போக அனுமதி வாங்கினீர். நீளமான மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். கோவிலுக்கு உடுக்கும் சேலையில் நான். முதல் தாளை எடுத்து வாசிக்கத் தொடங்கினேன். உம்முடைய கை மேசைக்குக் கீழே என் சேலை நுனியைப் பிடித்திருந்தது. எனக்குத் தைரியம் தரவா, உமக்கே பயமா என்று நான் ஒருநாளும் கேட்கவில்லை.

குகனின் நாளை வாசித்து முடித்துத் தாள்களை அடுக்கினேன். பிறகு நடுவில் இருந்த பெண்மணி, அந்தப் பெயரை எப்படிச் சொல்ல வேண்டும் என்று என்னிடம் கேட்டா. "குகன்" என்றேன். அவ ஒரு தடவை சொல்லிப் பார்த்தா. பிழையாக வந்தது. திருத்தினேன். இரண்டாம் தடவை சரியாகச் சொல்லி, தன் தாளில் எழுதிக்கொண்டா. நான் இங்கிலீஷில் ஒருவரைத் திருத்தியது அதுதான் முதல் தடவை.

ஆசிரியர் சொன்னது போல மார்க் குறைந்துதான் போனது. உமக்கு இரண்டாம் தரம்தான் கிடைத்தது. முதல் தரம் வரக்கூடிய ஆள் நீர். எனக்காகப் போய்விட்டதே என்று நான் புலம்ப, நீர் நெத்திலிச் சம்பால் கிளறிக்கொண்டே, பாஸ் ஆகிவிட்டோமே, சாப்பிட வாருங்கள் என்று பேச்சை முடித்தீர்.

அதன் பலன் எனக்குத்தான் வந்துகொண்டிருந்தது. எங்களுக்கு விசா நிரந்தரமில்லாமல் இழுபட்டுக்கொண்டிருந்த காலம் அது. வக்கீலின் முன்னால் நான் எப்போதும் தொடக்கத்திலேயே உடைந்துபோவேன். அவருடைய தாளில் நான் சொன்னது முன்னுக்குப் பின் முரணாகவே நிற்கும். அந்த முறை குகனின் நாளைக் காலையிலிருந்து சொன்னேன், தடங்கலில்லாமல், இங்கிலீஷில். அடுத்த வருஷம் நிரந்தரமாக இருக்க அனுமதி வந்தது. மொழிபெயர்ப்பாளர் வேலைக்கு எழுதிப் போடும்படி விடாமல் நச்சரித்ததும் நீர்தான். இன்று ஆஸ்பத்திரிகளிலும் அகதிகள் விசாரணை மன்றங்களிலும் எங்கள் சனத்துக்காகப் பேசிப் பிழைக்கிறேன். கடையில் விரலால் காட்டிய வாய் இது.

பிறகு உம்முடைய சிறுநீரகம் கெட்டது. கிழமைக்கு மூன்று நாள் இரத்தம் சுத்தம் செய்யும் இயந்திரத்தில் படுத்திருந்தீர். நான் பக்கத்தில் இருந்து பேப்பர் வாசித்தேன். கடைசி நாட்களில் எதை வாசித்தாலும் கேட்டீர், மலிவு விலை விளம்பரம்கூட. மாசியில் போய்விட்டீர். ஈப்போவிலிருந்து தம்பியும் தங்கையும் வந்தார்கள். தகனத்துக்கு முன் யாராவது இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும் என்று என்னைக் கேட்டார்கள். உம்முடைய நல்ல குணங்களை நான் பட்டியல் போடவில்லை. உம்முடைய ஒரு செவ்வாய்க்கிழமையைச் சொன்னேன், எழும்பிக் கோப்பி ஊற்றியதிலிருந்து. உம்முடைய தங்கை இடையில் சிரித்துவிட்டா. அது நீர் சிரிக்கும் சிரிப்பு.

விசாரணை மன்றங்களில் எல்லோரும் கேட்பது கடைசியைத்தான். யார் பிடித்தது, எங்கே அடித்தது, எத்தனை பேர். மொழிபெயர்ப்பவள் கேட்டதையும் சொன்னதையும்தான் சொல்லலாம். கூட ஒரு சொல்லும் சேர்க்கக்கூடாது. ஆனால் எல்லாம் முடிந்து கோப்பைக் கட்டிய பிறகு, பஸ் தரிப்பில் அந்த மனிசரை மறுபடி காண்பதுண்டு. போன கிழமை ஒரு தாயைக் கண்டேன். இரண்டு மகன்மார் இல்லை. சும்மா கேட்பது போல, அன்று காலையில் பிள்ளைகள் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று கேட்டேன். முகத்தைத் துடைத்துக்கொண்டு, சின்னவன் கால் மாற்றிச் செருப்பு மாட்டிக்கொண்டு நின்றதைச் சொன்னா. சொல்லும்போது அவவின் கை காற்றிலேயே அந்தச் செருப்பைக் கழற்றி மாற்றிப் போட்டுவிட்டது.

எங்களுக்கு வந்த பஸ்ஸைப் போகவிட்டோம்.