வாலு வந்தாச்சு

ஜூலை 3
வாட்ஸ்அப்பில் குழு ஆரம்பித்தாயிற்று. பெயர் 'வாலு வந்தாச்சு'. வாலு என் மகள். பதினான்கு வயது, பட்டப்பெயருக்கேற்ற குணம். இந்த வாரம்தான் பள்ளியிலிருந்து தனியாக நடந்து வர ஆரம்பித்திருக்கிறாள். அவள் அம்மாவுக்கு மருத்துவமனையில் மதியப் பணி, எனக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் ஆறு மணி வரை லென்ஸ் தேய்க்கும் வேலை. அதனால் வழியில் இருப்பவர்களைப் பிடித்துப் போட்டேன்: பஸ் ஸ்டாப் பழக்கடைக்காரர், சலவைக் கடைக்காரர், ஸ்டேஷனரி அக்கா. அவள் தாண்டிப் போனதும் ஒரு வரி போட்டால் போதும். வயிற்றில் பால் வார்த்தது போல இருக்கிறது.

ஜூலை 9
4.10 பழக்கடை. 4.18 சலவைக் கடை. 4.25 ஸ்டேஷனரி கடையில் பென்சில், கையில் ஐஸ்கிரீம். இருமலோடு ஐஸ்கிரீமா?

சாப்பிடும்போது என் வாய் சும்மா இருக்கவில்லை, கேட்டுவிட்டேன். "யாரு சொன்னா?" என்றாள். மழுப்பினேன். எனக்கு மழுப்பவும் ஒழுங்காக வராது.

ஜூலை 12
'ம்'. 'இல்ல'. 'தெரியல'. இன்று மொத்தம் இவ்வளவுதான் பேசினாள்.

ஜூலை 18
குழுவில் நாலு நாளாக ஒரு வரியும் இல்லை. யார் கண்ணிலும் படவில்லையாம். ஆனால் வீட்டுக்கு வந்துவிடுகிறாள், தாமதமாக.

இன்று வகுப்பு ஆசிரியை கூப்பிட்டார். பள்ளியின் பின்வாசல் வழியாக, லாரி ரோட்டில் சுற்றிப் போகிறாளாம். இரண்டு நாளாக இவரும் கூடவே நடந்திருக்கிறார், அப்போதுதான் வாயைத் திறந்திருக்கிறாள். "அந்த ரோட்ல யாரும் அப்பாகிட்ட போட்டுக் குடுக்க மாட்டாங்க மிஸ்."

நடைபாதைகூட இல்லாத ரோடு. பத்திரமா இருக்கணும்னுதானே செஞ்சேன் — நானே அவளை அங்க கொண்டுபோய் விட்டுட்டேனே. என்ன அப்பன் நான்? ஆசிரியை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

ஜூலை 19
குழுவைக் கலைத்தேன். ஒவ்வொருவரிடமும் நேரில் போய்ச் சொன்னேன். ஸ்டேஷனரி அக்காவுக்கு என் மேல் கோபம்.

"அவ நடக்கப் பழகினதுலேர்ந்து நான் பாத்துக்கிட்டுதான் இருக்கேன். உங்களுக்கு எழுதிப் போட ஆரம்பிச்சப்புறம்தான் அவ என் கடைப் பக்கமே வர்றதில்ல."

வீட்டுக்கு வந்து வாலுவிடமும் தப்பு என்னுடையதுதான் என்றேன். லாரி ரோடு மட்டும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். "சரி" என்றாள். 'ம்'மை விட ஓர் எழுத்து அதிகம்.

ஜூலை 27
எட்டு நாளாக ஃபோன் வாயே திறக்கவில்லை. நாலேகால் ஆனால் கை தானாகப் பாக்கெட்டுக்குப் போகிறது. ஒரு லென்ஸைக் கீறிவிட்டேன். முதலாளியிடம் செம பாட்டு.

ஆகஸ்ட் 5
இன்று சீக்கிரம் கிளம்பினேன். ஸ்டேஷனரி கடைக்குள் ஸ்டூலில் வாலு உட்கார்ந்திருந்தாள், அழுது அழுது முகம் வீங்கி. அக்கா பக்கத்திலேயே உட்கார்ந்து நோட்டுகளுக்கு அட்டை போட்டுக்கொண்டிருந்தார். உள்ளே ஓடக் கால் பரபரத்தது. அக்கா என்னைப் பார்த்தார். வேண்டாம் என்று லேசாகத் தலையசைத்தார். வாலு பார்க்குமுன் சைக்கிளைத் திருப்பி, லாரி ரோட்டில் சுற்றிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன். மோசமான ரோடு.

ஆறரைக்கு வந்தாள். நான் காய் நறுக்கிக்கொண்டிருந்தேன்.

"அக்கா உங்களுக்கு ஃபோன் பண்ணாங்களாப்பா?"

"இல்லையேம்மா."

கதவில் சாய்ந்து நின்றாள்.

"அப்ப நானே சொல்றேன். வாலிபால் டீம்ல என்னை எடுக்கலப்பா."

கத்தியை வைத்துவிட்டு, இரண்டு நாற்காலிகளை இழுத்துப் போட்டேன்.