இருவரையும் சேர்த்துப் பார்த்த டாக்டருக்கு

உங்கள் கிளினிக் இருந்த கடையில் இப்போது கைப்பேசி உறை விற்கிறார்கள், டாக்டர். பத்தாங் பெர்ஜுந்தாய் டவுனுக்குப் போனால் அந்தப் பக்கம் திரும்பாமலே வந்துவிடுவேன். இன்று பார்த்துவிட்டேன். இடுப்பில் மகள், மறுபடியும் காய்ச்சலோடு. நீங்கள் இறந்துபோனது தெரிந்தும், உள்ளேயிருந்து கூப்பிட மாட்டீர்களா என்று நின்றேன்.

அவளுக்கு இரண்டு வயது. காய்ச்சல் விட்டுவிட்டு வருகிறது. உடம்பு ஏறவே இல்லை. எனக்கோ வாரக்கணக்கில் இருமல். குழந்தை டாக்டர் "வைரஸ்" என்கிறார். என்னைப் பார்ப்பவர் "அலர்ஜி" என்கிறார். இருவரையும் ஒருவரே பார்க்கமாட்டாரா என்று சுங்கை ஆயர் தாவார் வரை போன் போட்டேன். ஒரு கிளினிக்கில் போன் எடுத்த பெண் சிரித்துவிட்டாள்: "பெரியவங்க, சின்னவங்க சேர்த்தா? பேக்கேஜ்லாம் இல்ல லா அக்கா." வைத்துவிட்டு அழுதேன்.

சின்னதில் நான் இழுப்போடு அம்மா மடியில் கிடந்தால், ஸ்டெதஸ்கோப்பை முதலில் அம்மா நெஞ்சில்தான் வைப்பீர்கள். பிள்ளை பயப்படாமலிருக்க அது உங்கள் வழக்கம். "பாத்தியா, அம்மா அழுவல." ஒருநாள் அம்மா நெஞ்சில் வைத்த கையை நீங்கள் எடுக்கவே இல்லை.

"எத்தன நாளா உனக்கு இப்படி மூச்சு வாங்குது?"

"எனக்கு ஒண்ணுமில்ல டாக்டர், பிள்ளையப் பாருங்க."

"நீ விழுந்துட்டா இவளத் தூக்குறது யாரு, நானா?"

அம்மாவின் இருதயக் கோளாறு அப்படித்தான் தெரிந்தது. அதனால்தான் அம்மா இன்றும் இருக்கிறார்.

இன்று அந்தக் கைப்பேசிக் கடை வாசலிலிருந்து நேராகக் கோலா சிலாங்கூர் குழந்தை டாக்டரிடம் போனேன். அதே மருந்தை எழுதினார். நான் எழுந்திருக்கவில்லை.

"என் நெஞ்சுலயும் வச்சுப் பாருங்க டாக்டர். எனக்கு இருமல் நிக்கல."

"நான் பிள்ளைங்கள மட்டும்தான்..."

"இவ என் மேலதான் தூங்குறா டாக்டர்."

எழுதிய கை நின்றது. இருமல் பல வாரமாகவா? எடை குறைந்ததா? தூக்கத்தில் வியர்க்கிறதா? அவர் கேட்ட எல்லாவற்றுக்கும் ஆமென்று தலையாட்டினேன். காசநோயா என்று பார்த்துவிட வேண்டும் என்றார். நாளை இருவருக்கும் எக்ஸ்ரே. அதுவரை தனித்தனியே படுக்க வேண்டும்.

இப்போது அவள் அப்பாவோடு அடுத்த அறையில். "அம்மா, அம்மா" என்று கதவைத் தட்டுகிறாள். முகக்கவசத்தோடு இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறேன். என்னிடமிருந்தே அவளுக்குப் போயிருந்தால்? அதற்குமேல் நினைக்க முடியவில்லை, டாக்டர்.

அம்மாவை விட்டுவிட்டுப் பிள்ளையைப் பார்க்க முடியாது என்ற உங்கள் பிடிவாதம் ஒன்றுதான் என் கையில் இருக்கிறது. நாளை எங்கள் இரண்டு எக்ஸ்ரே படங்களையும் ஒரே டாக்டர் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்வரை டாக்டர் அறை நாற்காலியைவிட்டு எழமாட்டேன்.