சரோஜா வாசித்த அத்தை

12.3.84 திங்கள்
காலையிலிருந்து மழை. துவைத்த துணி காயவில்லை. ஈரப் பாவாடையோடு பிஸ்கட் பேக்டரிக்கு.
வழக்கம்போல நாங்கள் டின் அடுக்க, சரோஜா கதை வாசித்தாள். அவள் பங்கு டின்னும் எங்கள் கையில்தான். எங்களை வேலை வாங்கும் மண்டோருக்கும் தெரியும். தூண் ஓரம் நின்று அவரும் கேட்கிறார்.
துப்பறியும் கதை. மலை பங்களாவில் விருந்தாளி செத்துக் கிடக்கிறார். ரெண்டு வாரமாக வாசிப்பு முழுக்க, தேநீர் ஊற்றிய அத்தை போலீசுக்கு நடந்ததைச் சொல்வதுதான். அத்தைக்கு சரோஜா கரகரக் குரல் போடுகிறாள்.
மாரியாயி: "கொரலப் பாரு. இவதான் கொன்னுட்டா லா."
நான்: "சரோ, தவளை தோத்துப் போவும் உங்கிட்ட."
எல்லாரும் சிரிப்பு. சரோஜாவும், சத்தமில்லாமல்.

13.3 செவ்வாய்
வாங்க வேண்டியது: நெத்திலி, சீனி, மண்ணெண்ணெய்.
அத்தைதான் கொலைகாரி என்று எல்லாரும். நான் மட்டும் தோட்டக்காரன் என்றேன், வம்புக்கு.
குரல் இன்று இன்னும் மோசம். நல்லாருக்கு என்று எல்லாரும் சொன்னோம். இப்படி ஒரு கதை கேட்டதே இல்லை.

14.3 புதன்
டீ நேரம். புத்தகம் மூடியிருந்தது. சரோஜா என் தோளைத் தொட்டு, "அக்கா, சுடுதண்ணி குடுங்க" என்றாள். அத்தை குரல்.
"கத நின்னு போச்சு, அத்தை இன்னும் போவலயா?"
"இதான்க்கா என் கொரலு. ரெண்டு வாரமா."
சுடுதண்ணி ஊற்றிக் கொடுத்தேன்.
"ஏன்டி சொல்லல?"
"நல்லாருக்குன்னு சொன்னீங்க. வாசிக்கலன்னா என்னை யாரு இங்க வச்சிருப்பா?"
அவள் வலது கையில் ரெண்டு விரல் மடங்காது. எஸ்டேட்டில் ரப்பர் மெஷினில் மாட்டியது. டின் அடுக்க முடியாது.

15.3 வியாழன்
லீவு. ஈப்போ பெரியாஸ்பத்திரிக்கு நானே கூட்டிப்போனேன். தொண்டையில் கட்டி. திங்கள் ஆபரேஷன். குரல் திரும்புமா என்று இப்போது சொல்ல முடியாதாம். இன்றே வார்டில் படுக்கச் சொல்லிவிட்டார்கள். பேசக்கூடாது.
இந்த ரெண்டு வாரமும் கதை இல்லாத நேரமெல்லாம் பேசாமல் தலையைத்தான் ஆட்டினாள். கவனிக்கவே இல்லை. தவளை என்றேனே.

16.3 வெள்ளி
மீதிக் கதையை மாரியாயி வாசித்து முடித்தாள். தெளிவான குரல். அத்தை பாவம், ஒன்றும் செய்யவில்லை. தோட்டக்காரன்தான். நான் ஜெயித்தேன்.
மண்டோர்: "அவ்ளோதானா?"
சரோஜா பங்கு டின் அடுக்கி வைத்தோம். மண்டோர் எண்ணிப் பார்க்கவில்லை. வருகைப் புத்தகத்தில் அவள் பேருக்கு நேரே, வந்ததாகக் கோடு போட்டார்.

17.3 சனி
ஆஸ்பத்திரி. புத்தகமும் கொண்டுபோனேன். அவள் கையை ஆட்டிக் கேட்டாள்: கொன்னது யாரு?
"எங்களுக்கு எப்படித் தெரியும்? நீ நிறுத்துன எடத்துலதான் நிக்குது. வந்து வாசி."
போகிற வழியில், பஸ்ஸிலேயே, அடையாளத்துக்கு வைக்கும் பிஸ்கட் தாளைக் கடைசிப் பக்கத்திலிருந்து எடுத்து அவள் விட்ட பக்கத்தில் திரும்ப வைத்திருந்தேன்.