தூக்கிய கொடி

மார்ச் 3, செவ்வாய்
கால்பந்துச் சட்டப் புத்தகம் மூன்றாம் முறை முடிந்தது. கோட்டோரம் ஓடும் துணை நடுவர், நடுவர் கண்ணில் படுகிற கையில்தான் கொடி பிடிக்க வேண்டும். கை மாற்றினால் இடுப்புக்குக் கீழே. கரண்டிக் காம்பில் கரித்துணி கட்டிப் பழகினேன். பால் பொங்கிவிட்டது.

மார்ச் 5
ஆள் மாற்றத்துக்குக் கொடியை இரு கையாலும் தலைக்கு மேல் கிடையாகப் பிடிக்க வேண்டும். இவர் குளியலறைக்குள் போய் முக்கால் மணி நேரம். வாசலில் துண்டை அப்படிப் பிடித்து நின்றேன். கதவைத் திறந்தவர் திகைத்தார்.
"என்னடி, துணி காயப்போட இடமில்லையா?"
"ஆள் மாத்தம். நீங்க முழுசா வெளியே வந்தாத்தான் நான் உள்ளே வரலாம். சட்டம்."

மார்ச் 12
மூன்று ஆட்டம் பிழையில்லாமல் முடித்தால் பதிவு பெற்ற துணை நடுவர். இரண்டு ஆயிற்று. மூன்றாவது ஞாயிறன்று, இறுதியாட்டம். ஆடுவது எங்கள் தெரு அணி. இவர் அதன் செயலாளர், இவர் தம்பி முன்கள ஆட்டக்காரன். ஆள் பஞ்சத்தில் உறவுமுறையை யாரும் பார்க்கவில்லை.
என் பெயரைக் கொடுத்ததே இவர்தான். ஏன் என்று இன்றுதான் புரிந்தது. "கோட்டுல நம்ம வீட்டு ஆளு. தைரியமா ஓடுடா" என்கிறார் தம்பியிடம்.
"அண்ணி, கண்ணாடிய வீட்டுலயே வச்சுட்டு வாங்க" என்று அவன்.
கடவுளே, அவன் கோல் போடட்டும். போட்டால் ஒழுங்காகப் போடட்டும்.

மார்ச் 15, ஞாயிறு
கடவுள் பாதிதான் கேட்டார்.
கடைசி நிமிடம், இரண்டு பக்கமும் கோல் இல்லை. பந்து உதைபட்ட நொடியில் கொழுந்தன் எதிரணியின் கடைசித் தடுப்பாளரைத் தாண்டி நின்றான். முன்னால் கோல்காவலர் மட்டும். ஆஃப்சைடு. கொடியைத் தூக்கினேன். அவன் கோல் போட்டான். நடுவர் எங்கள் பல் டாக்டர். என் பக்கம் பார்க்காமல், கோல் என்று நடுக்கோட்டைக் காட்டினார். நடுவர் பார்க்கும்வரை கொடி இறங்கக் கூடாது. ஊரே குதிக்கிறது, நான் கம்பம் மாதிரி நிற்கிறேன். குதித்தாடிக்கொண்டு வந்த இவர் என்னைப் பார்த்து அப்படியே நின்றார்.
"இறக்குடி. டாக்டர் பாக்கல."
"அவர் பாக்கத்தான் தூக்கியிருக்கேன்."
தோள் செத்துப்போனது. இறக்கிவிடலாமா? யாருக்குத் தெரியப் போகிறது? எனக்குத் தெரியுமே—
டாக்டர் திரும்பினார், ஓடி வந்தார். "எவ்வளவு தூரம்மா?"
"ரெண்டடி டாக்டர்."
கோல் இல்லை. பெனால்டியில் தோற்றார்கள்.
என் கணக்கு: ஆஃப்சைடு 6. சரி 5, சந்தேகம் 1. சந்தேகம் இதுவல்ல, முதல் பாதியில் ஒன்று. அதற்குக் கடவுளிடம் மன்னிப்புக் கேட்டாயிற்று.

மார்ச் 16
பேச்சில்லை.

மார்ச் 17
பேச்சில்லை. உப்பு வேண்டுமென்றால் உப்பு ஜாடியை முறைக்கிறார்.

மார்ச் 19
கொழுந்தன் சமையலறைக்கு வந்தான். "அண்ணி, உள்ளே வரலாமா, ஆஃப்சைடா?" பிறகு குரலை இறக்கி, "ஓடறப்பவே எனக்குத் தெரியும். நீங்க கவனிக்க மாட்டீங்கன்னு நினைச்சேன்" என்றான்.
"உன்னக் கவனிக்கத்தானேடா நின்னேன்!"
"அண்ணன்கிட்ட நானே சொல்றேன்."
சொல்வானா?

மார்ச் 21, சனி
பதிவு அட்டை வந்தது. மாலை நான்கு மணிக்கு ஆட்டம், யாரோ இரண்டு அணி. மூன்றரைக்கும் நான் அடுப்படியில், பாதிச் சமையலோடு.
திரும்பினால் வாசற்படியில் இவர். துண்டை இரு கையாலும் தலைக்கு மேல் கிடையாகப் பிடித்திருந்தார்.
கரண்டியை வைத்தேன். நான் முழுதாக வெளியே வரும்வரை உள்ளே கால் வைக்காமல் நின்றார்.