மூடுபனியில் வாங்கிய திட்டு

நியூஃபவுண்ட்லாந்து, 1843 ஜூன்

அன்புள்ள ஹாரியட்டுக்கு,

உன் இருமல் தணிந்ததா? ஈரக்காற்றில் என் பழைய தோள் காயம் கொஞ்சம் முணுமுணுக்கிறது, அவ்வளவுதான்.

செவ்வாயன்று சாதாரண மேலங்கியோடு கடற்கரையில் நடந்தேன். மூடுபனியில் கடலும் வானமும் ஒன்றாகி, கனவுக்குள் நடப்பதுபோல் இருந்தது. அதற்குள்ளிருந்து ஒரு பெண்குரல் வந்தது: "சும்மாதானே நிக்கிறே? இந்தக் கூடையைப் பிடிய்யா."

பிடித்தேன். மீன் காயவைக்கும் பிரிட்ஜெட் என்ற அந்தப் பெண்ணுக்கு என்னை யாரென்று தெரியவில்லை. பசிக்காக வியாபாரி கிடங்கில் மாவு திருடிய அவள் கணவனை மறுநாள் நாடு கடத்துகிறார்களாம். "புது கவர்னர் பிரபு வீட்டுப் பிள்ளையாம். படிச்சுக்கூடப் பார்க்காம கையெழுத்துப் போட்டிருப்பான்" என்றாள்.

நான் படிக்கவில்லை, ஹாரியட். முந்தின நாள் நான் கையெழுத்திட்ட முப்பது தாள்களில் அதுவும் ஒன்று. போரில்கூட எதிரியின் முகத்தைப் பார்த்துத்தான் சுட்டேன்.

கூடையை இறக்கிவைத்துவிட்டு மாளிகைக்கு ஓடி, உத்தரவை ரத்துசெய்தேன். அன்று மாலையே அவன் வீடு திரும்பினான். வியாபாரிகள் என் விருந்துக்கு வருவதை நிறுத்திவிட்டார்கள். லண்டனுக்குப் புகாரும் போயிருக்கிறது. கவலைப்படாதே, அவர்கள் பேச்சு எனக்கும் அலுத்துவிட்டது.

கம்பளிக் காலுறை நான்கு ஜோடி அனுப்பு. கடிதத்தில் என் பெயரை இரண்டு மூன்று இடத்தில் எழுது. இங்கே எல்லோருக்கும் நான் 'மேன்மை தங்கியவர்'தான். இந்தக் கடிதத்தைக் கொண்டுவரும் கப்பலில் நங்கூரம் தூக்குகிறார்கள், முடிக்கிறேன்.

உன்
ஆம்ப்ரோஸ்