குளிர் வெளியே போகாத கிடங்கு

பிப்ரவரி 11, செவ்வாய்

கடைசி வாசலிலும் ரப்பர் மெத்தை பொருத்தியாகிவிட்டது. இனி லாரி பின்னால் வந்து முட்டி நின்றால், சுற்றிலும் ஒரு விரல் நுழைய இடமிருக்காது. லாரி நின்ற பிறகுதான் கதவு மேலே போகும். லாரி நகர்ந்தால் தானாக இறங்கிவிடும். பழமும் பாலும் அடுக்கிய கிடங்கின் கதவுகளைப் பப்பரப்பே என்று திறந்துபோட்டு, இத்தனை வருஷமாகத் தெருவைக் குளிர வைத்துக்கொண்டிருந்தோம். கூரையில் புகை இழுக்கும் விசிறிகளையும் இன்று நிறுத்திவிட்டேன். பாதிக் குளிர் அவை வழியாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

மேனேஜர் எல்லோர் முன்னாலும், "பராமரிப்புக்கு ஒரு பொம்பளையைப் போட்டப்ப சிரிச்சீங்களே, இப்ப பாருங்க" என்றார். எனக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. என் தம்பி, சரக்கு தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டியில் உட்கார்ந்தபடியே கத்தினான்: "அக்கா, கையோட ஆளுக்கொரு ஸ்வெட்டரும் வாங்கிக் குடுத்துடு!"

பிப்ரவரி 14, வெள்ளி

தம்பிக்குத் தலைவலி. குளிர் ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது.

பிப்ரவரி 19, புதன்

சுமை ஏற்றுபவர்களில் நெட்டையாக ஒருவன் இருக்கிறான், எல்லோருக்கும் அவன் ஒட்டகம். இன்று பலகைகளுக்கு நடுவே வாந்தி எடுத்துவிட்டான். மற்றவர்கள் ஓட்டித் தள்ளினார்கள். நான் தண்ணீர் கொடுத்தேன். "வெளிய போய் ஒரு டீ குடிச்சா சரியாயிடும் மேடம். உள்ள வந்தாதான் மறுபடியும் கிர்ருங்குது" என்றான்.

வீட்டுக்கு வந்த பிறகும் அதுவே காதில் ஓடுகிறது. வெளியே போனால் ஏன் சரியாக வேண்டும்?

பிப்ரவரி 20, வியாழன்

காலையில் பல் தேய்க்கும்போது பளிச்சென்று உறைத்தது. ஃபோர்க்லிஃப்ட் எல்லாம் கேஸில் ஓடுகிறது. கேஸ் எரிந்தால் கண்ணுக்குத் தெரியாத விஷப்புகை வரும். கதவு வழியாகவும் விசிறி வழியாகவும் போய்க்கொண்டிருந்த புகை. இரண்டையும் அடைத்தது யார்?

அடிப்பாவி. நான்தானே.

நினைப்பது தப்பாக இருக்க வேண்டும். இருக்கட்டும், தப்பாகவே இருக்கட்டும்.

பிப்ரவரி 21, வெள்ளி

மேனேஜரிடம் சொன்னேன். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"புதன்கிழமை தலைமை அலுவலகத்துலேர்ந்து வர்றாங்க. மின்சாரம் இவ்வளவு மிச்சமாகுதுன்னு வாய் கிழியப் பேசி வச்சிருக்கேன். அதுவரைக்கும் விசிறியத் தொடாதம்மா."

"சார், ஆளுங்களுக்கு உடம்பு..."

"தலைவலி யாருக்குத்தான் இல்ல?"

சுவிட்சுக்கு முன்னால் போய் நின்றேன். போட்டிருக்கலாம். சாவி என்னிடம்தான் இருக்கிறது. கை மேலே எழவில்லை. என் வேலை போனால், என் சிபாரிசில் வந்த தம்பியின் வேலையும் போகும் — இப்படித்தான் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு திரும்பினேன். இது சமாதானமா? பயந்தாங்கொள்ளி.

தம்பியை லீவு போடச் சொன்னேன். சிரிக்கிறான். "உனக்கு நிழலப் பாத்தாலும் பயம்க்கா."

பிப்ரவரி 24, திங்கள்

தீயணைப்பில் இருக்கும் சிநேகிதியிடம் காற்றில் விஷவாயு இருக்கிறதா என்று அளக்கும் கருவி ஒன்றைக் கெஞ்சிக் கேட்டு வாங்கி வந்தேன். கைக்கு அடக்கமாக இருக்கிறது. "இது கத்துச்சுன்னா யோசிச்சிட்டு நிக்காத. எல்லாரையும் வெளிய தள்ளு" என்றாள்.

கத்தக் கூடாது. கடவுளே, நாளைக்கு அது கத்தக் கூடாது.

பிப்ரவரி 25, செவ்வாய்

ஆஸ்பத்திரியில் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுத்து கோணுகிறது.

வாசல் பக்கம் கால் வைத்ததுமே கருவி கத்தியது. சுவிட்சுக்கு ஓடினேன். விசிறி, கதவு — எல்லாவற்றையும் போட்டேன், எல்லாவற்றையும் தூக்கினேன். "வெளிய போங்க! அப்படியே போட்டுட்டு வெளிய போங்க!" என் தொண்டையிலிருந்தா அந்தக் குரல் வந்தது? மேனேஜர் மாடிப்படியில் நின்று, "யாரைக் கேட்டு?" என்று கத்தினார்.

எல்லோரும் முற்றத்துக்கு வந்து இருமிக்கொண்டு நின்றார்கள். தம்பி மட்டும் இல்லை.

"கடைசி லாரிக்குள்ள சரக்கு அடுக்கிட்டிருந்தான் மேடம்" என்றான் ஒட்டகம்.

லாரிக்குள் இருட்டு. ஃபோர்க்லிஃப்ட் எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. அவன் ஸ்டீயரிங்மேல் கவிழ்ந்து கிடந்தான், தூங்குகிறவன் மாதிரி. நானும் ஒட்டகமும் அக்குளில் கை கொடுத்து இழுத்தோம். எவ்வளவு கனம்! டேய் எந்திரிடா, எந்திரிடான்னு அடிச்சேன். கன்னத்துல அடிச்சேன். எந்திரிக்கல.

மூச்சு இருக்கிறது என்கிறார்கள். மூக்கில் குழாய். யார் முகத்தையும் பார்க்க முடியவில்லை என்னால்.

பிப்ரவரி 26, புதன்

கண் திறந்தான். என்னை அடையாளம் தெரிந்தது.

மார்ச் 3, திங்கள்

தலைமை அலுவலகத்திலிருந்து வந்தவர்கள் மின்சாரக் கணக்கைத் தொடவே இல்லை. மேனேஜரைத்தான் கேட்டார்கள், பிறகு என்னை. சுவிட்சுக்கு முன்னால் நின்ற அந்த வெள்ளிக்கிழமையே எனக்குத் தெரியும் என்பதையும் சொல்லிவிட்டேன். அவரை வேலையிலிருந்து அனுப்பிவிட்டார்கள். என்னை இருக்கச் சொன்னார்கள். இனி பேட்டரி வண்டிகள். காற்றில் விஷவாயுவின் அளவு ஏறினால் விசிறி தானாகச் சுழலும். மெத்தையும் கதவும் அப்படியே இருக்கும். இதை முதலிலேயே யோசித்திருக்க வேண்டும், இல்லையா?

சாயங்காலம் தம்பியைப் பார்க்கப் போனேன். அவன் மனைவி வாசலிலேயே நிறுத்தினாள். குரலை உயர்த்தக்கூட இல்லை. "கதவெல்லாம் அடைச்சது நீங்கதானே அண்ணி?"

ஆமாம் என்றேன். பழத்தைப் படியில் வைத்துவிட்டு வந்தேன்.

ஜூன் 12, வியாழன்

தம்பி கிடங்குக்குத் திரும்பவில்லை. டவுன் பஸ் ஓட்டுகிறான் என்று ஒட்டகம்தான் சொன்னான். இன்று அந்தத் தடத்தில் காத்திருந்து, அவன் பஸ்ஸிலேயே ஏறினேன். கண்ணாடியில் என்னைப் பார்த்தான். பார்வையைச் சாலைக்குத் திருப்பிக்கொண்டான். அவனுக்குப் பின்னால் இருந்த சீட்டில் உட்கார்ந்தேன்.

பாதி வழியில் மழை பிடித்தது. ஒரு ஜன்னல்கூட மூடியிருக்கவில்லை. என் பக்கத்தில் ஜன்னலோரமாக இருந்த பெரியவர், "தம்பி, நனையறோமே, ஜன்னல மூடட்டுமா?" என்று எழுந்தார்.

அவன் தோள் விறைத்தது. "வேணாம் சார்" என்றான், அவசரமாக. பிறகு கெஞ்சுகிற குரலில், "கொஞ்சம் காத்து வரட்டும் சார்."

நான் எழுந்து என் இடத்தைப் பெரியவருக்குக் கொடுத்தேன். ஜன்னல் பக்கம் முதுகைக் கொடுத்து, அவர்மேல் சாரல் படாமல், கடைசி நிறுத்தம்வரை நின்றுகொண்டே போனேன்.