கைக்குப் பத்தாத பட்டை

திருப்பத்தூர்
14.02.2024

அன்புத் தங்கை பாஞ்சாலிக்கு அண்ணன் தாண்டவராயன் எழுதுவது. நானும் உன் அண்ணியும் வெற்றிவேலும் சுகம். மலையில் குளிர் குறைந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

உன் போன் நம்பரைத் தடுத்து வைத்திருக்கிறேன். கோபத்தில் இல்லை. எடுத்தால் அழுகிறாய், அழுதால் எனக்குப் படபடப்பு வருகிறது. அதனால்தான் கடிதம்.

ஞாயிற்றுக்கிழமை பரிசம் நின்றுபோனதற்கு என்னைக் குறை சொல்லாதே. தட்டு மாற்றுவதற்கு முன் ஒருதடவை பிரஷர் பார்த்துவிடலாம் என்றுதான் மிஷினைக் கொண்டுவந்தேன். உன் பெண் கீதாஞ்சலி கையில் பட்டை சுற்ற மாட்டேன் என்கிறது. உன் அண்ணி இழுத்துப் பிடித்துக்கொண்டுதான் பார்க்க முடிந்தது. நாலு பேர் சிரித்தார்கள், அதற்கு நான் என்ன செய்ய? நூற்று அறுபத்திரண்டுக்கு நூற்று நாலு. இருபத்து நாலு வயதுப் பெண்ணுக்கு!

தெரிந்த டாக்டரிடம் கேட்டேன். பருமன் ரத்தத்திலேயே வருமாம். பருமன் வந்தால் பின்னாலேயே பிரஷர் வருமாம். பிள்ளைப்பேற்றின்போது தாய்க்கும் ஆபத்து, பிள்ளைக்கும் ஆபத்து என்கிறார். கெட்ட ரத்தத்தை என் வீட்டுக்குள் நானே அழைத்து வந்தால் நாளைக்குப் பேரப்பிள்ளைகள் என்னைத்தானே திட்டும்? பெண்ணைக் கொடுப்பவர்கள் இதை மறைக்கக் கூடாது பாஞ்சாலி, அது பாவம்.

பட்டுப்புடவையை நீயே வைத்துக்கொள். பஸ்ஸில் இரண்டு டின் மிக்சர் கொடுத்தனுப்பியிருக்கிறேன்.

உன் நலம் விரும்பும் அண்ணன்,
தாண்டவராயன்


ஜமுனாமரத்தூர்
25.02.2024

மரியாதைக்குரிய அண்ணா,

கடிதமும் டின்னும் வந்தன. உங்களைக் கையெடுத்துக் கும்பிட்டு ஒன்று சொல்கிறேன், கிழித்துப் போடாமல் படியுங்கள்.

கீதாஞ்சலி மூன்று நாள் சாப்பிடவில்லை. நான்காம் நாள் இங்கே சுகாதார நிலையத்துக்கு இழுத்துப்போனேன். நிவேதா என்று ஒரு நர்ஸ் இருக்கிறாள். நடந்ததைக் கேட்டுவிட்டு பீரோவிலிருந்து பெரிய பட்டை ஒன்றை எடுத்தாள். "இந்தக் கைக்கு அந்தச் சின்னப் பட்டைய இழுத்துக் கட்டினா நம்பர் ஏறித்தான் காட்டும்மா. அதுவும் அத்தினி பேர் நடுவுல பயந்துகினு உக்காந்திருந்தா இன்னா ஆவும்?" என்றாள். மூன்று நாள் தொடர்ந்து பார்த்தாள். நூற்று இருபத்தாறுக்கு எண்பத்திரண்டு. தாத்தாவுக்கு இருந்ததால் உப்பைக் குறைத்து எடையையும் குறைக்கச் சொன்னாள், மாத்திரை வேண்டாம் என்றாள். சீட்டை இத்துடன் வைத்திருக்கிறேன்.

அண்ணா, கெட்ட ரத்தம் என்று எழுதியிருக்கிறீர்கள். நம் அப்பா நாற்பத்தேழு வயதில் ஏர் ஓட்டும்போதே வாய் கோணி விழுந்தாரே, அவர் எனக்கு மட்டுமா அப்பா? கீதாஞ்சலியின் கையும் கழுத்தும் அப்படியே உங்களுடையவை. சின்னதில் அவளைத் தூக்கிக்கொண்டு நீங்களே அதைச் சொல்லிச் சிரிப்பீர்கள்.

ரத்தம் பாதி என்றால் மீதி சோறு. அவள் அப்பா செத்தபின் ஏழு வருஷம் உங்கள் கடையில் பொட்டலம் கட்டினேன். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் அவளுக்கு என்ன கொடுத்தீர்கள்? உடைந்த முறுக்கு, அடியில் தங்கிய காராபூந்தி, ஊறுகாயும் பழைய சோறும். பசித்த பிள்ளை, தின்றாள். நான் குறையாகச் சொல்லவில்லை. சோறு போட்டவர் நீங்கள்.

அவள் பிறந்த பத்தாம் நாள் வெற்றிக்கு என்று நீங்கள்தான் வெள்ளிக் கொலுசு போட்டீர்கள். இருபத்து நாலு வருஷமாக அந்த நினைப்பிலேயே வளர்ந்துவிட்டாள். நீங்களே ஒருமுறை வந்து பெரிய பட்டையில் பாருங்கள் அண்ணா.

உங்கள் தங்கை,
பாஞ்சாலி


திருப்பத்தூர்
09.09.2024

பாஞ்சாலிக்கு,

பதில் எழுதத் தாமதம், கடையில் வேலை. பட்டை சின்னதோ பெரியதோ, கை அதே கைதான். அதற்கு எந்த நர்சும் சீட்டு எழுதித்தர முடியாது.

வெற்றிவேலுக்குக் கண்ணமங்கலம் ராஜவேலுவின் மகள் சரிதாவை நிச்சயம் செய்துவிட்டோம். நாற்பத்தாறு கிலோ. அந்த வீட்டில் யாரும் இதுவரை ஒரு மாத்திரை போட்டதில்லை. வெற்றிவேல் அவன் அம்மா வழி. உடம்பு கொஞ்சம் பூசினாற்போல் இருந்தாலும் அவனுக்கு ஒரு குறையும் கிடையாது.

தை இருபதாம் தேதி கல்யாணம். அத்தை என்ற முறையில் நீ வா. கீதாஞ்சலியை அழைத்து வரவேண்டாம். வீடு வீடாகப் போய் பிரஷர் பார்க்கும் வேலைக்குச் சேர்ந்திருக்கிறாளாமே? கேட்டு உன் அண்ணிக்குச் சிரிப்பு அடங்கவில்லை. பரிசத்தில் நடந்தது வேறு ஊருக்கெல்லாம் தெரியும். அவள் வந்து நின்றால் மாப்பிள்ளை பெண்ணை விட்டுவிட்டு அவளைத்தான் பார்ப்பார்கள்.

தாண்டவராயன்


திருப்பத்தூர்
02.01.2025

பாஞ்சாலி,

இடக்கையால் எழுதுகிறேன். கோணல் எழுத்தைப் பொறுத்துக்கொள்.

கார்த்திகையில் கடையிலேயே விழுந்துவிட்டேன். வலது பக்கம் வரவில்லை. அப்பாவுக்கு வந்ததேதான். எனக்கு ஐந்து வருஷமாகவே பிரஷர் உண்டு. அந்த மிஷின் எனக்காக வாங்கியது. மாத்திரை போட்டால் ஆண்பிள்ளைக்கு வலு போய்விடும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு ஒளித்து வைத்துவிட்டேன்.

உன் அண்ணிக்கு உப்பில்லாமல் சமைக்க வரவில்லை. போடவே கூடாது என்றால் கண்ணீர் விடுகிறாள், கொஞ்சம் போட்டால் டாக்டர் திட்டுகிறார். கீதாஞ்சலிக்கு இதெல்லாம் கைவந்த வேலை. இரண்டு மாதம் அனுப்பிவை. பழசை மனதில் வைக்காதே. நான் செய்தது தப்புதான், எழுதிவிட்டேன்.

ராஜவேலுவிடம் பைக்கிலிருந்து விழுந்தேன் என்று சொல்லியிருக்கிறோம். நீயும் யாரிடமும் வாய் திறக்காதே. கல்யாணம் முடியட்டும்.

அண்ணன்


ஜமுனாமரத்தூர்
12.01.2025

தாண்டவராயனுக்கு,

உன் கடிதத்தை நான் சமைக்கிற பள்ளிக்கூடத்துச் சத்துணவு அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து படித்தேன். அழுகை வந்தது. அப்பாவை நினைத்து வந்த அழுகை அது, உன்னை நினைத்து இல்லை.

வெற்றிவேல் அவன் அம்மா வழி என்று எழுதினாய். ஐப்பசியில் உன் பிள்ளை பைக்கில் இந்த மலைக்கு வந்தான். தலைவலி தாங்கவில்லை, திருப்பத்தூரில் பார்த்தால் அப்பாவுக்குத் தெரிந்துவிடும் என்று கீதாஞ்சலியிடம் கை நீட்டினான். அவன் கைக்கும் பெரிய பட்டைதான் சுற்ற வேண்டியிருந்தது. மூன்று தடவை பார்த்தாள். நூற்று அறுபத்தெட்டுக்கு நூற்றுப் பத்து. அவளே டாக்டரிடம் கூட்டிப்போய் மாத்திரை வாங்கிக் கொடுத்தாள், சாமைக் கஞ்சி வைக்கவும் சொல்லிக்கொடுத்தாள். வாராவாரம் வந்து காட்டிவிட்டுப் போகிறான். யாரிடமும் சொல்லமாட்டேன் என்று சத்தியம் செய்திருக்கிறாள். அவள் நோட்டில் அவன் பெயரைப் பார்த்த பிறகுதான் எனக்கே தெரிந்தது. உனக்கு இன்றுவரை தெரியாது, இல்லையா?

உன் முதல் கடிதத்தைப் பத்திரமாக வைத்திருந்தேன். அதை ஜெராக்ஸ் எடுத்தேன். அடியில் உன் பிள்ளையின் பெயரையும் அவன் பிரஷர் நம்பரையும், நீ வாய் கோணிப் படுத்திருப்பதையும் எழுதி, கண்ணமங்கலம் ராஜவேலுவுக்குப் போன திங்கட்கிழமை ரிஜிஸ்தர் தபாலில் அனுப்பிவிட்டேன். நானாக வேறு எதுவும் எழுதவில்லை. மறைப்பது பாவம் என்று நீ எழுதியதே போதுமானதாக இருந்தது. இந்நேரம் அவர் படித்திருப்பார். உன் போன் நம்பரை அவரும் தடுத்துவிடலாம்.

நான் அனுப்பியது அன்றே கீதாஞ்சலிக்குத் தெரிந்துவிட்டது. அவள் கத்தவில்லை. "அவரு என்னை நம்பித்தானே கைய நீட்டினாரு? மாமா எல்லார் எதிர்ல என் கைய இழுத்தாரு. நீ யாருக்கும் தெரியாம அவர் கைய இழுத்துட்ட. உனக்கும் மாமாவுக்கும் இன்னாம்மா வித்தியாசம்?" என்றாள். மறுநாள் துணிமணியையும் மிஷினையும் எடுத்துக்கொண்டு நிவேதாவின் அறைக்குப் போய்விட்டாள். தினமும் என் பள்ளிக்கூடத்து வாசல் வழியாகத்தான் வேலைக்குப் போகிறாள். திரும்பிப் பார்ப்பதில்லை. ஆகவே அவளை உன்னிடம் அனுப்ப என்னால் முடியாது. முடிந்தாலும் அனுப்பியிருக்கமாட்டேன்.

மிக்சர் டின் இரண்டும் பிரிக்காமல் அப்படியே இருக்கின்றன. இந்தக் கடிதத்தோடு பஸ்ஸில் கொடுத்தனுப்புகிறேன். அண்ணியார் உப்புப் போடத் தயங்கும் நாட்களில் பிரித்துக்கொள்.

அந்தத் தபாலைத் திரும்ப வாங்க வழி இருந்தால் வாங்குவாயா என்று நிவேதா கேட்டாள். என் பெண் வீட்டை விட்டுப் போய் ஐந்து நாளாகிறது, ஒருவேளைச் சோறுகூட எனக்கு இறங்கவில்லை. ஆனாலும் வாங்கமாட்டேன் என்றுதான் சொன்னேன்.

உன் கூடப் பிறந்த
பாஞ்சாலி